மிச்சப் பேச்சு நாலு செடி தள்ளி

என் முதல் கதையைத் தங்கைக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினேன். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வாசலில், வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். நான் மேலே படிக்க வேண்டும் என்று பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்து எடுக்கப் போனவள். இன்று நான் ஹட்டனில் டீச்சர். கதை அவளைப் பற்றியது. அவளுக்கு நன்றி சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கேட்டு முடித்ததும், "இது நான் இல்லக்கா. என் பேர எடுத்துரு" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீ சொன்னதத்தான்டி போன்ல பதிஞ்சு எழுதுனேன். ஒரு சொல்லு மாத்தல!"

"இங்க உக்காந்து சொன்னத, மலையில நின்னு சொல்ற மாதிரி எழுதியிருக்க. கொழுந்து எடுக்குறவ எவ இப்படி மூச்சு விடாம பேசுவா? நான் என்ன டீச்சரா?"

நவீனச் சிறுகதையின் தாளம், பாத்திரத்தின் குரல் என்று வகுப்பில் மணிக்கணக்காக அளப்பவள் நான். கதையில் அவள் பெயரை அடித்துவிட்டேன். சனிக்கிழமை, வீம்புக்கென்றே அவளோடு மலைக்குப் போனேன்.

"என் மூத்த மகளுக்குப் பரீட்சை" என்றாள். ஒரு பிடி கொழுந்து முதுகுக் கூடைக்குள் போனது. "பயமா இருக்காம்." மேல் நிரைச் செடிகளுக்குள்ளிருந்து யாரோ கேலி பேச, அதற்கொரு பதிலடி, ஒரு சிரிப்பு. கங்காணி வந்தார், பேச்சு நின்றது. அவர் போய், நாலு செடி தாண்டிய பிறகு, நான் கேட்காமலே மிச்சம் வந்தது.

"எனக்கும் அப்ப படிக்க ஆசையாத்தான் இருந்துச்சு."

கை நிற்கவில்லை. லயத்தில் உட்கார்ந்து பேசியபோது ஒருநாளும் இதை அவள் சொன்னதில்லை. அட பாவி, நானும் கேட்டதில்லையே!

ஞாயிறு முழுக்கக் கதையை உடைத்து எழுதினேன். நீள வாக்கியங்கள் எல்லாம் போயின. பேச்சுக்கு நடுவே அவள் கை வேலை செய்தது, கங்காணி வந்து போனார். அந்த ஒரு வரியை மட்டும் நாலு செடி தள்ளியே வைத்தேன்.

மாலையில் மறுபடி அதே வாசலில் வாசித்தேன். அந்த வரி வந்ததும் நிறுத்தித் தாளை அவளிடம் நீட்டினேன். அவள் தாளை வாங்கி, மிச்சத்தைத் தானே வாசித்தாள், நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி.

பிறகு பேனா கேட்டாள். நான் வெறுமையாக விட்டிருந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள்.