கிட் சர்வரும் ஒரு கன்னடச் சொல்லும்

இதில் ஒரு வரி பொய் என்றாலும் நாளைக் காலை என் பாஸ்வேர்டு எனக்கே மறந்து போகட்டும். சர்வர் ஓடும்வரை சர்வர்காரன் என்று ஒருத்தன் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் கேன்டீன் மாஸ்டர் வரை வந்து எட்டிப் பார்ப்பார். அந்த அவஸ்தை பட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், அறுபத்தாறு வயதிலும் கம்ப்யூட்டர் பிரிவை விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பவன் நான். எங்கள் புரோகிராம்களைச் சேர்த்து வைக்க வளாகத்துக்குள்ளேயே ஒரு கிட் (Git) சர்வர் வேண்டும் என்றார் மேனேஜர். மூன்று பழைய கம்ப்யூட்டரை ஒன்றாகப் பிணைத்து, கன்டெய்னர் என்கிற மென்பொருள் டப்பாவுக்குள் அதை ஓட்ட வேண்டும். எனக்குத் துணை மஞ்சுநாத். எல்லை தாண்டினதும் வரும் அத்திப்பள்ளிக்காரர், கன்னடக்காரர், ஆறு வருடமாகக் கான்ட்ராக்ட். இது நல்லபடி முடிந்தால் அவரை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு.

முகவரி

சர்வர் என் திரையில் பளிச்சென்று வந்தது. அங்கே தெரிந்த முகவரியை அப்படியே எல்லாருக்கும் அனுப்பினேன்: லோக்கல்ஹோஸ்ட். அதற்கு ‘இந்தக் கம்ப்யூட்டரேதான்’ என்று அர்த்தம். அவரவர் கம்ப்யூட்டர் தனக்குள்ளேயே தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தது. கேபிளை எலி கடித்துவிட்டது, பூனை அளவு எலி, நானே பார்த்தேன் என்று சமாளித்தேன். கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் ரெஹானா, எங்கள் புரோகிராமர், சொன்னார்: "எலி பாவம் சார். விலாசம் கேட்டா ‘எங்க வீடு’ன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

வெல்கம்

கரண்ட் போய் வந்த ஒரு மத்தியானம், சர்வர் அன்றுதான் பிறந்ததுபோல ‘வெல்கம்’ என்றது. கன்டெய்னருக்குள் எழுதியது கன்டெய்னரோடு போய்விடும். வெளியே டிஸ்கில் ஒரு ஃபோல்டரோடு அதை இணைக்க வேண்டும். நான் இணைக்கவில்லை. நல்லவேளை, போனதெல்லாம் என் சோதனைக் குப்பை. "புதுசா ஆரம்பிக்கலாம்னு நான்தான் துடைச்சேன்" என்றேன். மஞ்சுநாத் தலையைக்கூடத் தூக்கவில்லை: "ஏன் ஸ்வாமி, கரண்டும் உங்களைக் கேட்டுட்டுத்தான் போச்சா?"

தெகி

ஃபோல்டரை இணைத்தோம். ரெஹானா எட்டு மாதம் எழுதியதை ஏற்றினார். ஒருநாள் மஞ்சுநாத் போன் செய்தார்: டிஸ்க் நிரம்புகிறது, ஒரு ஃபோல்டர் மட்டும் பெரிதாக இருக்கிறது, என்ன செய்ய? மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருந்த நான் என் கன்னடத்தைக் காட்ட, "தெகி" என்றேன். திறந்து பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். கன்னடத்தில் கதவைத் தெகி என்றால் திற. குப்பையைத் தெகி என்றால் அகற்று. அவர் அகற்றிவிட்டார்; ரெஹானாவின் எட்டு மாத வேலை இருந்ததும் அதில்தான். அவருக்கு என்னைவிட நல்ல தமிழ் வரும், தமிழிலேயே சொல்லியிருக்கலாம். தினமும் எடுப்பதாக நான் எழுதிக் கொடுத்திருந்த பேக்கப்பை ஒருநாளும் எடுத்ததில்லை.

"யார் பண்ணது?" என்றார் மேனேஜர். நான் மஞ்சுநாத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன்; அதுவே போதுமானதாக இருந்தது. பூனை அளவு எலியைப் பெற்ற வாய்க்கு, நடந்த ஒன்றைச் சொல்ல வரவில்லை.

கிட்டில் எழுதுகிறவர் கையிலும் முழுப் பிரதி இருக்கும். ரெஹானா தன் லேப்டாப்பிலிருந்து அரை மணியில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவிட்டார். போனது மஞ்சுநாத்துடையதுதான்: கையில் மெமோ, நிரந்தரப் பேச்சு அடுத்த வருடத்துக்கு. மறுநாள் அவர் பக்கத்தில் போய் நின்றேன். என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "மெமோல உங்க பேரு இல்ல ஸ்வாமி, பயப்படாதீங்க. இனிமே என்கிட்ட தமிழ்லயே பேசுங்க."

மூன்று கம்ப்யூட்டரை ஒன்றாகப் பிணைக்கத் தெரிந்த எனக்கு ‘நான்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்ல இன்னும் தெரியவில்லை, ஆகவே இதை உங்களுக்குச் சொன்னது யார் என்று மேனேஜர் கேட்டால் தயவுசெய்து நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.