அரைப்பேர் தனுஜா

எங்கள் பாடசாலைப் பிள்ளைகளிடம் தனுஜாவைப் பற்றிக் கேட்டால், "டீச்சர், எந்தத் தனுஜா, அரப்பேரு தனுஜாவா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். பட்டப்பெயர் வைப்பதில் தலவாக்கலைப் பிள்ளைகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எனக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை இங்கே எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை.

நான் பிரேமினி. விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மாணவர் சேவைக் கழகத்துக்கும் பொறுப்பாசிரியை. பொறுப்பாசிரியை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பிள்ளைகள் மண்வெட்டி பிடிக்கும்போது குடை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சிரமதானம் முடிந்ததும் பதாகையை விரித்து ஒரு படம் எடுப்பார்களே, அதில் நடுவில் நிற்க வேண்டும். அந்தப் பதாகையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சில நாட்களில் செய்த வேலையைவிடப் பதாகைதான் நீளமாக இருக்கும்.

இந்த வருடம் கழகத்துக்குத் தலைவன் கிஷாந்த். உயர்தரம் படிக்கிறான், கெட்டிக்காரன், சட்டைக் கையை மடித்துவிடாமல் நடக்கத் தெரியாதவன். அவனுடைய அப்பா ஒரு தேயிலைத் தோட்டத்தில் கண்டாக்கு. காலையில் எல்லோரும் கூடும் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புவதும், பின்னேரம் யாருக்கு என்ன பேர் போடுவது என்று சொல்வதும் கண்டாக்குமார்தான். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'பேர்' என்று பெயர். பறிக்க வேண்டிய கொழுந்தைப் பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அரை நாள் சம்பளம். இது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

கழகத்தின் முதல் சிரமதானத்துக்குப் பாதிப் பேர் பிந்தி வந்தார்கள், மீதிப் பேர் சாப்பாட்டுப் பார்சலை வாங்கியதும் மறைந்தார்கள். கிஷாந்துக்கு வந்ததே கோபம். "நம்ம கழகத்துக்கும் பெரட்டு வைக்கணும் டீச்சர். கடைசி வரைக்கும் நின்னா முழுப்பேரு. பாதில போனா அரப்பேரு" என்றான். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள், விதி நிலைத்துவிட்டது. அன்றிலிருந்து அவனுக்குச் 'சின்னக் கண்டாக்கு' என்று பெயர்.

அந்த விதியில் போய் மாட்டிக்கொண்டவள் தனுஜா.

வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று, அவளுடைய வீடு. அம்மா நாகலெட்சுமி கொழுந்து பறிக்கிறார். அப்பா அழகுமுத்துவுக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கு வந்து, வந்த களைப்பு ஆறுமுன் திரும்பிவிடுவார். ஒற்றைப் பிள்ளையாகவே வளர்ந்த தனுஜாவுக்கு, சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம் ஒரு தங்கச்சி பிறந்தாள். "கஷ்டப்பட்டு பரீட்ச எழுதினேன்ல டீச்சர், பரிசு குடுத்துட்டாங்க" என்று வகுப்பிலேயே சொல்லிச் சிரிக்க வைத்தவள் அவள்.

குரல் பெரிது. வாயும் பெரிது. பஸ்ஸில் மிதிபலகையில் நின்றபடியே அரசியல் பாடம் மனப்பாடம் செய்வாள், பஸ்ஸே சேர்ந்து படிக்க வேண்டியிருக்கும். கழகத்தில் ஏன் சேர்ந்தாய் என்று கேட்டேன். "முதல் கூட்டத்துல கேக் குடுத்தீங்க டீச்சர். நல்லாருந்திச்சு. அதான் ரெண்டாவது கூட்டத்துக்கும் வந்தேன்" என்றாள். ஆனால் வேலையில் இறங்கினால் அவளுக்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. பஸ் தரிப்பிடத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தபோது மற்றவர்கள் தூரிகையை எப்படிப் பிடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள், இவள் அரைச் சுவரை முடித்துவிட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டாள். மிச்சத்தை அவளுடைய சிநேகிதி ரிஃப்னா அடித்தாள். ரிஃப்னா டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் சரிபுதீன் நானாவின் மகள். நிறம் கலப்பதில் அவளுக்குத் தனிக் கொள்கை. அதனால் அந்தத் தரிப்பிடம் இன்றைக்கும் ஒரு பாதி கிளிப்பச்சை, மறு பாதி பாசிப்பச்சை.

ஓடுவதற்குக் காரணம் தங்கச்சிதான். நாகலெட்சுமி வேலைக்குப் போகும்போது சின்னவளைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவார். கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு அவர் வருவதற்குள் அதைப் பூட்டிவிடுவார்கள். ஆகவே யாராவது முன்னதாகப் போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்த யாராவது எப்போதும் தனுஜா. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் தெரியும். "எல்லார் வீட்லயுந்தான் வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு அரைப்பேரை வாங்கிக்கொண்டு போவாள். வேலை முடிந்த பிறகுதான் பதாகை விரியும் என்பதால், கழகத்தின் ஒரு படத்தில்கூட அவள் இல்லை.

வருடக் கடைசியில் கழகம் சான்றிதழ் கொடுக்கும். அது தனுஜாவுக்கு வேண்டியிருந்தது. கல்வியியற் கல்லூரிக்குப் போய் ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. நேர்முகத் தேர்வில், பாடத்துக்கு வெளியே என்ன செய்தாய் என்று கேட்பார்கள். விளையாட்டு, நாடகம், பாண்ட் எல்லாமே பாடசாலை விட்ட பிறகுதான் நடக்கும், அவளுக்கு எதற்கும் நிற்க நேரமில்லை. இந்தக் கழகம் ஒன்றுதான் மிஞ்சியது. சான்றிதழுக்கு இத்தனை முழுப்பேர் வேண்டும் என்று கிஷாந்த் ஒரு அளவு வைத்திருந்தான். அதற்குத் தனுஜா வழக்காடினாள்.

"தோட்டத்துலகூட ரெண்டு அரப்பேரு சேந்தா ஒரு பேரு. ஒங்க கழகத்துல அதுவும் இல்லியா?"

கண்டாக்கு மகன் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. கூட்டிப் பார்த்தார்கள். அப்படியும் ஒரு பேர் குறைந்தது. கடைசிச் சிரமதானத்தில் முழுப்பேர் விழுந்தால் சான்றிதழ், அரைப்பேர் விழுந்தால் இல்லை.

நான் கிஷாந்தைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஒரு பேர்தானேடா, விட்டுக்கொடேன்" என்றேன். "அவளுக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க டீச்சர். நீங்களே சொல்லுங்க, நியாயமா?" என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அடுத்த வாரம் அவனாகவே ஒரு அறிவிப்புச் செய்தான். கடைசி வேலையில் நேரம் பார்ப்பதில்லை, ஆளுக்கு ஒரு பங்கு, பங்கை முடித்தவருக்கு முழுப்பேர், முடித்தவுடன் போகலாம். யாருக்காக அந்த மாற்றம் என்று நான் கேட்கவில்லை. அவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேலை வட்டகொடையில். ஸ்டேஷனுக்குப் போகும் குறுக்குப் பாதையில், தேயிலைக்கு நடுவே ஓடும் கான் மண்ணால் அடைபட்டு, மழை பெய்தால் தண்ணீரெல்லாம் பாதையில் வரும். பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் சறுக்கி விழுவார்கள். அந்தக் கானை வெட்டி மண் அள்ள வேண்டும். சனிக்கிழமை காலையில் கிஷாந்த் குச்சி நட்டுப் பங்கு பிரித்தான். தனுஜாவுக்கும் ரிஃப்னாவுக்கும் பக்கத்துப் பக்கத்துப் பங்கு.

ரொட்டி சாப்பிட்டுப் பிளேன்டி குடிக்க உட்கார்ந்தபோது மேலே மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்து நிறுக்கப் புறப்படுமுன் ஒரு அம்மாவைச் சுற்றி நின்று, தங்கள் கொழுந்திலிருந்து கை நிறைய அள்ளி அவருடைய சாக்கில் போட்டார்கள்.

"அவங்க பறிச்சத ஏன் அடுத்தவங்களுக்குப் போடுறாங்க?" என்று ரிஃப்னா கேட்டாள். டவுனில் வளர்ந்த பிள்ளை, பார்த்ததில்லை.

"அந்தக்காவுக்கு மேலுக்கு முடியல போலருக்கு. குறைஞ்சா அரப்பேரு ஆயிரும்ல? ஆளுக்கு ரெண்டு கை போட்டா பேரு வந்துரும்" என்றாள் தனுஜா, வாயில் ரொட்டியோடு. "எங்கம்மா வயித்துல பாப்பா இருந்தப்ப இப்பிடித்தான் போட்டாங்க. கை போடுறதுன்னு சொல்லுவோம்."

"கண்டாக்கு பாத்தா?"

"பாத்தா ஏசுவாங்க. நல்ல கண்டாக்குன்னா அந்தப் பக்கம் திரும்பிக்குவாங்க."

கிஷாந்த் தேத்தண்ணிக் கோப்பையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானத்துக்குப் பிறகு மழை பிடித்தது. தனுஜா மற்றவர்களைவிட வேகமாகத்தான் வெட்டினாள். ஆனால் அவளுடைய பங்கின் நடுவில் மண்ணுக்குள் ஒரு பெரிய கல் கிடந்தது. அதைத் தோண்டினாள், உதைத்தாள், நெம்பினாள், அதன் பரம்பரையையே ஏசினாள். கடைசியில் கல் புரண்டது. ஆனால் கல்லுக்கு அந்தப் பக்கம் அப்படியே இருந்தது, பிள்ளைக்காம்பராவைப் பூட்டும் நேரமும் நெருங்கிவிட்டது. மண்வெட்டியைப் போட்டாள். முகத்தில் மழையா கண்ணீரா என்று தெரியவில்லை. நான் பேச வாயெடுத்தேன்.

"பரவால்ல டீச்சர். பாப்பா அழும்" என்றாள். பிறகு, மேலே ஸ்டேஷன் முனையில் நின்ற கிஷாந்துக்குக் கேட்கும்படி கத்தினாள். "போட்டுக்கங்க, அரப்பேரு!"

பாதை வளைவில் அவள் மறைந்தாள். உதவி செய்யவென்று ஒரு கழகம் நடத்துகிறோம், எங்கள் பிள்ளை ஒருத்தி அழுதுகொண்டு போகிறாள் என்று நினைத்தேன்.

ரிஃப்னா எழுந்தாள். தன் பங்கின் ஓரத்துக் குச்சியைப் பிடுங்கி, தனுஜாவின் பங்குக்குள் இரண்டு முழம் தள்ளி நட்டாள். வெட்டத் தொடங்கினாள். மறுபக்கத்துப் பங்கு ஜீவராஜுடையது, தன் பங்கை முடித்துவிட்டுப் புறப்படக் காலணி மாட்டிக்கொண்டிருந்தவன். அவன் காலணியைக் கழற்றிவிட்டுத் தன் பக்கத்துக் குச்சியை நகர்த்தினான். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். நான் குடையை மடக்கி வைத்துவிட்டு ஒரு கூடை மண் சுமந்தேன். ஒரே ஒரு கூடைதான், இருந்தாலும் இடுப்பு அடுத்த நாள் வரை அதை ஞாபகம் வைத்திருந்தது.

கிஷாந்த் கீழே இறங்கி வந்தபோது கொஞ்சம்தான் மிச்சம். அவன் குச்சிகளைப் பார்த்தான். சேறு பூசிய ரிஃப்னாவைப் பார்த்தான். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"இது யார் பங்கு?"

"தனுஜாட" என்றாள் ரிஃப்னா.

"முடியல்லியே இன்னும்" என்றான். சட்டைக் கையை இன்னும் ஒருமுறை மடித்துவிட்டு, தனுஜா போட்டுவிட்டுப் போன மண்வெட்டியை எடுத்தான். மிச்சத்தை அவனே வெட்டி முடித்தான். அன்றைக்குப் பதாகையை விரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை இடைவேளையில் கிஷாந்த் நூலகத்து மேசையில் உட்கார்ந்து சான்றிதழ்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் இருந்தேன். வாசலில் ரிஃப்னாவோடு போன தனுஜாவைக் கூப்பிட்டான்.

"தனுஜா, ஒன்னோட முழுப்பேரு என்ன?"

அவ்வளவுதான். அவள் நூலகம் என்றும் பார்க்கவில்லை.

"முழுப்பேரா? எனக்கு எப்பங்க குடுத்தீங்க முழுப்பேரு? வருஷம் பூரா அரப்பேரு போட்டுட்டு இப்ப நக்கல் வேறயா? கண்டாக்கு மகன்னா என்ன வேணா பேசலாமா?"

கிஷாந்த் பேனாவைப் பிடித்தபடி திகைத்துப்போனான். "ஐயோ, அது இல்ல. அப்பா பேரோட சேத்து. சான்றிதழ்ல எழுதணும்."

"யாரோட சான்றிதழ்?"

"ஒன்னோடதுதான்."

தனுஜா என்னைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். "நான் முடிக்கலியே. கல்லுக்கு அங்கிட்டு அப்பிடியே போட்டுட்டுத்தானே போனேன்" என்றாள். முதல்முறையாக அவள் குரல் சின்னதாக இருந்தது.

"ஆளுக்கு ரெண்டு கை போட்டோம்" என்றாள் ரிஃப்னா.

தனுஜா அழுதாள். அழுதுகொண்டே ரிஃப்னாவின் முதுகில் ஒரு அடி வைத்தாள். பிறகு தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அழகுமுத்து தனுஜா. "ழ-வ சரியா போடுங்க" என்று மேற்பார்வையும் செய்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் நடந்ததை அவளே மறுநாள் என்னிடம் சொன்னாள். தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் காத்திருந்தாளாம். கொழுந்து நிறுத்துவிட்டு ஈரத்தோடு வந்த அம்மாவிடம், "அம்மா, எனக்கு முழுப்பேரு விழுந்திருச்சு" என்றாளாம். சனிக்கிழமை அழுதுகொண்டு வந்த பிள்ளை இது. எப்படி என்று நாகலெட்சுமி கேட்கவில்லை.

"யாரு கை போட்டாங்க?" என்றுதான் கேட்டிருக்கிறார்.

"எல்லாருந்தாம்மா. ரிஃப்னா, ஜீவராஜு, டீச்சரு. கண்டாக்கு மகன்கூட."

நாகலெட்சுமி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தபடி மகளை ஏற இறங்கப் பார்த்தாராம்.

"கண்டாக்கு மகனா? பொய் சொல்லாத புள்ள."

"சத்தியமாம்மா."

அம்மா வாசல்படியில் உட்கார்ந்தாராம். சின்னவளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைகள ஒருநாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வா, ரொட்டி சுட்டுப் போடுறேன்" என்றாராம். "அந்தப் பயலயும் கூப்பிடு."