வொர்க்னெஷின் மூன்றாவது கிண்ணம்

வறுபட்ட காப்பிக்கொட்டையின் புகையை, காப்பிக்கு வந்த ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராக நீட்டிக் காட்டுவாள் வொர்க்னெஷ். தன் முறை வரும்போது மூச்சை ஆழமாக இழுத்து, வெளியே விட மனமில்லாமல் வைத்திருப்பாள். எத்தியோப்பியாவின் தெஸ்ஸி ஊரில் அந்தச் சந்துக்கே அவள் வீட்டில்தான் காப்பி. அவளோ ஐந்து மாதமாக ஒரு வாய் குடிக்கவில்லை. வயிற்றில் கிருமி. மலப் பரிசோதனையில் அட்டையில் ஒற்றைக் கோடு வரும்வரை காப்பி கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். முதல் சுற்று மாத்திரைக்குப் பிறகும் இரட்டைக் கோடு. இரண்டாம் சுற்று முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் பரிசோதனைக்குப் போகாமல் நாள் கடத்தினாள்.

ஒரு தடவை வறுத்தால் ஆளுக்கு மூன்று கிண்ணம் என்பது அங்கே வழக்கம். முதல் இரண்டு கிண்ணங்களை அவள் பொருட்படுத்துவதில்லை. மூன்றாவதைக் குடித்துவிட்டுச் சொல்லும் வாழ்த்துதான் பலிக்கும். பெய்ரூத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் ஹிருத்துக்கு ஏழு வருடம் அப்படித்தான் வாழ்த்து போனது. இப்போது மூன்று மாதமாக ஹிருத்திடமிருந்து போன் இல்லை. காப்பி இல்லாத மாதத்தையும் போன் இல்லாத மாதத்தையும் வொர்க்னெஷ் சேர்த்தே எண்ணுகிறாள்.

"நான் குடிச்சிட்டு வாழ்த்தறேன், விடு" என்றாள் எதிர்வீட்டு அமெலெவொர்க்.

"பெத்தவ வாய் வேறடி. உன் வாய்ல ஊர்க்கதைதான் பலிக்கும்."

குழாயடி வரிசையில் தன் குடத்தை அடுத்து, செத்துப்போன கணவன் பெயரிலும் ஒரு குடம் வைப்பவள் வொர்க்னெஷ். அந்தத் துணிச்சலில்தான் போன செவ்வாய், பரிசோதனை டப்பாவை அமெலெவொர்க்கிடம் நீட்டினாள்.

"உனக்குக் கல்லும் செரிக்கும். கொஞ்சம் கொடு."

"இருபது வருஷமா உப்பு கேட்ட, மிளகாத்தூள் கேட்ட. இப்ப இதுவுமா?" சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

பரிசோதனைக்கூடத்துக் கெதாச்சவ் கரைசலைச் சொட்டுவிட்டுப் பத்து நிமிடம் பார்த்தான். "அக்கா, கிருமி இன்னும் போகலையே." இரண்டு கோடு.

திரும்பி வந்து சொன்னபோது அமெலெவொர்க் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "பாவி, நல்லாத்தானே இருந்தேன். எனக்கு வியாதி கண்டுபிடிச்சிட்டு வந்து நிக்கிற. நாளைக்கு உன்னோடதையும் எடு. நானும் வரேன்."

மறுநாள் அவர்கள் பரிசோதனைக்கூட ஜன்னலுக்கு இரண்டு டப்பாக்களோடு போனார்கள். அமெலெவொர்க் தன்னுடையதை வைத்து, முந்தின நாள் சங்கதியையும் உடைத்துவிட்டாள். கெதாச்சவ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கை நீட்டினான்.

"அப்போ உங்களுக்கு இருக்கா இல்லையான்னே இன்னும் தெரியாது. கொடுங்க அக்கா."

வொர்க்னெஷ் நீட்டினாள். அவன் வாங்கி இழுத்தான். இன்னொரு இரட்டைக் கோடு வந்தால் ஹிருத்துக்கு வாழ்த்து ஏது? அவள் விரல்கள் டப்பாவை விடவில்லை.