அவள் மூச்சு வாங்கிய இடங்கள்

கடைசிக் கமாவை அழித்த நொடியில் திரை அப்படியே நின்றுவிட்டது. தட்டினேன், திட்டினேன், மடிக்கணினியை அணைத்துப் போட்டேன். மறுபடி திறந்தால், ஃபைல் கெட்டுவிட்டது என்று ஒரு சின்னப் பெட்டியில் எழுதிக் காட்டியது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. பிரிக்பீல்ட்ஸில் பட்டப்பகல், கீழே கடைகளில் ஒரே இரைச்சல். மேலே என் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை.

அது நான் மெட்டமைத்த பாட்டு. கிள்ளானில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்காக, குரல் வாரியாக இசைக்குறிகள் போட்டுக் கணினியில் எழுதி வைத்திருந்தேன். பெண்களின் கீழ்க்குரலைப் பல வருடம் பாடியவள் என் மனைவி. கடைசி வருடத்தில் அவள் நுரையீரல் ஒத்துழைக்கவில்லை. ஒரு வரியை ஒரே மூச்சில் பாட முடியாது. அவள் நிற்கும் இடத்திலெல்லாம் கோடுகளுக்கு மேலே ஒரு கமா போட்டுக் கொடுத்தேன். இங்கே மூச்சு வாங்கிக்கொள் என்பதற்கு அதுதான் குறி. ‘கிருபை’ என்ற சொல்லின் நடுவிலேயே ஒன்று இருந்தது. "ஆண்டவரோட கிருபையையே ரெண்டா ஒடச்சிட்டேன் லா" என்று சிரிப்பாள். சிரித்ததும் இருமல் வந்துவிடும்.

அவள் போய் இரண்டு ஈஸ்டர் ஆகிவிட்டது. இந்த முறை அதே பாட்டைப் பாடலாம் என்றாள் குழுவை நடத்தும் பெண். "ஆனா அங்கிள், அந்த கமா எல்லாம் எடுத்துடுங்க. புதுசா வந்தவங்க சொல்லு நடுவுல நிப்பாட்டிடுவாங்க." நியாயம்தான். ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஃபைல் போனதும்தான் பயம் பிடித்தது. பாட்டைப் பற்றி அல்ல. மெட்டு மனப்பாடம், உட்கார்ந்தால் திரும்ப எழுதிவிடலாம். ஆனால் கமாக்கள் எங்கெங்கே இருந்தன? கிருபை நினைவிருக்கிறது. மற்றவை? அச்செடுத்த பழைய தாள் ஒன்றுகூட மிச்சமில்லை. பாடிப் பார்த்தேன். என் நுரையீரலுக்கு எங்கும் நிற்கத் தோன்றவில்லை. ஒரே வீட்டில் இருந்து, ஒரே குழுவில் பாடியவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

பெர்த்தில் இருக்கும் மகளை அழைத்தேன்.

"அப்பா, மொதல்ல எதையும் சேவ் பண்ணாதீங்க. அந்த சாஃப்ட்வேர் பழச எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சிருக்கும். பேக்கப்னு ஒரு ஃபோல்டர் தேடுங்க. கெடச்சா தொறக்காதீங்க, காப்பி எடுத்துட்டு காப்பியத் தொறங்க."

வேலையில் இருந்தாள். அப்புறம் பேசுறேன்பா என்று வைத்துவிட்டாள். கமா விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேடினேன். போன வாரத்துப் பிரதி ஒன்று, வாயில் நுழையாத பெயரோடு கிடந்தது. மகள் சொன்னபடி நகல் எடுத்துத் திறந்தேன். கமாக்கள் எல்லாம் அப்படியே இருந்தன. கீழ்க்குரலை மட்டும் ஓடவிட்டேன். கணினி உணர்ச்சியே இல்லாமல் வாசித்தது. ஆனால் ஒவ்வொரு கமாவிலும் ஒரு கணம் நின்றது. குரல் அவளுடையதல்ல, நின்ற இடம் அவளுடையது. உட்கார்ந்து அழுதேன்.

பிறகு சூடு கண்ட பூனையாகச் சேமித்தேன். பென்டிரைவில் ஒன்று. அதை அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன். எனக்கே மின்னஞ்சலில் ஒன்று, மகளுக்கு ஒன்று. மகளிடமிருந்து கட்டைவிரல் படம் வந்தது. கடைசியாக, இன்னொரு நகலில் கமாக்களை அழித்து, வேறு பெயர் வைத்துக் கிள்ளானுக்கு அனுப்பினேன்.

ஈஸ்டர் காலையில் தனியாக ரயிலேறிப் போனேன். குழு நன்றாகவே பாடியது. பின்வரிசையில் ஆண்களோடு நின்றிருந்தேன். அந்தச் சொல் வந்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. எல்லாரும் ஒரே மூச்சில் கடந்து போனார்கள். நான் மட்டும் நடுவில் நின்று, மூச்சு வாங்கி, பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

ஆராதனை முடிந்து குழுவை நடத்தும் பெண் வந்தாள்.

"நல்லா வந்துச்சு அங்கிள். கிருபைக்கு நடுவுல மட்டும் யாரோ மூச்சு வாங்கிட்டாங்க. உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா" என்றேன்.