உண்ணிக்கு வேட்டி பிடிக்கும்

என் கணவர் மேடை அறிவிப்பாளர். வயிற்றுப்பிழைப்பு லாங்கன்தாலில் ஒரு தொழிற்சாலையில்தான். ஆனால் சுவிஸில் எங்கள் ஊர்க்காரர் எங்கே கூடினாலும், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ பிறந்தநாளோ, ஒலிவாங்கி அவர் கைக்குத்தான் போகும். "அன்பார்ந்த உறவுகளே" என்று தொடங்கினால் சோறு ஆறிப்போகும். வீட்டில் உப்புக் கேட்பதும் அந்தக் குரலில்தான்.

இப்படிப்பட்ட மனிதரிடம் நான் உண்ணியைப் பற்றிக் கதைக்கப் போனேன்.

மகளின் கிண்டர்கார்ட்டனில் பிள்ளைகளைக் கிழமைக்கு ஒரு நாள் காட்டுக்குக் கூட்டிப்போவார்கள். மழை பெய்தாலும் போவார்கள். அதனால் ஆசிரியை முதல் கூட்டத்திலேயே எங்களுக்கு வகுப்பெடுத்தார். நீளக் காற்சட்டை போட்டு, சொக்ஸை அதன் மேல் இழுத்துவிட வேண்டும். வீடு வந்ததும் முழங்காலின் பின்பக்கம், கவட்டை, கமக்கட்டு, காதின் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். உண்ணி மரத்திலிருந்து குதிக்காதாம். புல் நுனியில் முன்னங்கால்களை நீட்டியபடி, யாராவது உரசிக்கொண்டு போகும்வரை காத்திருக்குமாம். நம் மூச்சையும் சூட்டையும் அந்தக் கால்களாலேயே மோப்பம் பிடிக்கும். கடித்தாலும் தெரியாது, எச்சிலிலேயே விறைக்கப்பண்ணும் மருந்து இருக்கிறது. பெண் உண்ணிக்கு வாழ்நாளில் மூன்றே மூன்று சாப்பாடு. எங்கள் ஆட்கள் சிலர் ஒரு மத்தியானத்தில் முடிக்கிற கணக்கு அது. முதல் சாப்பாட்டை ஓர் எலியில் உறிஞ்சும்போது கிருமியையும் சேர்த்து உறிஞ்சினால், அடுத்த சாப்பாட்டில் அதை நமக்குத் தந்துவிடும்.

இதையெல்லாம் வந்து ஒப்பித்தேன். அவர் சிரித்தார்.

"ஷெல்லடிக்குள்ளால வந்தவன் நான். உண்ணிக்குப் பயப்பிடுறதோ? அதோட எனக்கு ஊசியும் போட்டாச்சு."

ஷெல் விழும்போது பங்கருக்குள் முதலில் பாய்கிறவர் இவர்தான் என்று இவருடைய தமக்கை எனக்கு எப்போதோ சொல்லிவிட்டார். ஊசி மூளைக்காய்ச்சலுக்கு மட்டும்தான், உண்ணி பரப்பும் மற்ற நோய்க்கு ஊசியே இல்லை என்றேன். அறிவிப்பாளர்கள் பிறர் சொல்வதைக் கேட்டுப் பழகியவர்கள் அல்லர்.

ஜூனில் எங்கள் ஊர் ஒன்றுகூடல், நகருக்கு வெளியே காட்டோரத்தில் நெருப்பு மூட்டும் இடத்தில் நடந்தது. எங்கள் ஒன்றுகூடலில் கண்ணைக் கட்டிக்கொண்டு, தொங்கும் மண்முட்டியை உடைக்காவிட்டால் சாமிக்குத்தம். முட்டியைக் கட்ட மரக்கிளை வேண்டும். மரமோ இடுப்பளவு புல்லுக்குள் நின்றது. எங்கள் அறிவிப்பாளர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார், கயிற்றோடு வெறுங்காலாய் உள்ளே இறங்கினார். சுவிஸ் உண்ணிகளுக்கு அப்படியொரு விருந்தை யாரும் அதுவரை வைத்திருக்க மாட்டார்கள்.

பின்னேரம் வீட்டில் மகளைப் பார்த்தேன். முழங்காலின் பின்னால் கசகசா அளவில் ஒன்று. "தேங்காயெண்ணெய் வையும், தானா விழும்" என்றார் கணவர். எண்ணெய் வைத்தால் மூச்சுமுட்டி, வயிற்றில் இருப்பதைப் பிள்ளைக்குள் கக்கிவிடும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுத்தேன், வந்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, நீங்களும் திரும்பி நில்லுங்கோ."

"நான் என்ன மாடோ, உண்ணி பாக்க?"

"மாடெண்டா நிண்டு காட்டும்."

அவர் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

பிறகு கொஞ்ச நாள் குளியலறையில் ஒரு களிம்பு மணத்தது. கேட்டால் கால்நோ என்றார். நானும் விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் ஒரு காலை, கோப்பி அவருடைய வாயின் ஓரத்தால் வழிந்து சேர்ட்டில் ஊற்றியது. பாதி முகம் தொங்கியிருந்தது. ஒரு கண் மூடவில்லை. "அன்பார்ந்த" என்று சொல்லிப் பார்த்தார். "பா" வரவில்லை, காற்றுத்தான் வந்தது. சேர்ட்டை மாற்றவும் விடாமல் அவரை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போனில் தமக்கையார் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: நாவூறு. மேடையில் நின்றால் ஊர்க்கண் படாதோ?

டாக்டர் ஊர்க்கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. காட்டுப் பக்கம் போனீர்களா, உண்ணி கடித்ததா, தோலில் சிவப்பு வளையம் வந்ததா என்று கேட்டார். கணவர் எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையாட்டினார். எனக்கோ அந்தக் களிம்பு மணம் நினைவுக்கு வந்தது.

"காலில என்னத்தைப் பூசினீங்கள்?"

கோணிய வாயால், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "படர்தாமரை."

தொடையின் பின்பக்கம் ஒரு சிவப்பு வட்டம் நாளுக்கு நாள் பெருத்திருக்கிறது. ஊர் மதிக்கும் அறிவிப்பாளருக்குப் படர்தாமரையென்றால் வெட்கம் அல்லவா? தெரிந்தவர் காணாமல் தூரத்து ஓர்லிகோனில் தமிழ்க்கடையில் களிம்பு வாங்கி ஒளித்துப் பூசியிருக்கிறார். வட்டம் தானாக மங்கியது. களிம்பு வென்றுவிட்டதாக மனுஷன் பெருமைப்பட்டிருக்கிறார். உள்ளே போன கிருமியோ முகநரம்பைத் தேடிப் போயிருக்கிறது. படர்தாமரைக்கு ஜெர்மனில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. கையில் வட்டம் வரைந்து காட்டினேன். டாக்டர் உடனே பிடித்துக்கொண்டார்.

முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள், கிருமிகொல்லி மருந்து ஏற்றினார்கள். முகம் பெரும்பாலும் திரும்பி வரும் என்றார் டாக்டர். பெரும்பாலும். அந்தச் சொல்லோடுதான் வீட்டுக்கு வந்தோம். அவர் யாரோடும் கதைக்கவில்லை. இந்த வாய் கொஞ்சம் ஓயாதா என்று நான் எத்தனை வருடம் நேர்ந்திருப்பேன். வரம் கிடைத்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்று "பா, பா" என்று அவர் பழகுவதைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே கறி வைத்தேன்.

இலையுதிர்காலம் முடியுமுன் வாய் நேரானது. அடுத்த ஜூனில் ஒலிவாங்கியும் கைக்கு வந்தது. "அன்பார்ந்த உறவுகளே, உண்ணி விசயத்தில் கவனம். எனக்குத் தெரிந்த ஒருவர், ஆளைச் சொல்ல மாட்டேன், மனைவி சொல்லியும் கேட்காமல்..." என்று முழங்கினார். சனம் கைதட்டியது. அந்த ஒருவரைத் தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும், கூப்பிடாமலே விளக்கின் கீழ் வந்து நின்றார். முதுகைக் காட்டி, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தூக்கினார்.

"பாரும்."

பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். சண்டை பிடிக்க எனக்கு அந்த வாய் நேராக வேண்டும்.