குளிர் நடுக்கம் என்று நினைத்தேன்

போன சாரல் சீசனில் கடையத்திலிருந்து குற்றாலம் போயிருந்தோம். அருவியில் குளித்துவிட்டு, ஊரே புகழும் ஒரு பரோட்டா கடைக்குச் சாப்பிடப் போனோம். இடம் கிடைத்து உட்கார்ந்ததுமே, சர்க்கரை நோயுள்ள என் கணவர் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டார். பேர்போன கடை, பரோட்டா உடனே வந்துவிடும் என்று நம்பினோம்.

முக்கால் மணி நேரமாகியும் வெறும் இலைதான் கிடந்தது. அவர் கை நடுங்கியது. "அருவில குளிச்சது குளிருது, வேற ஒண்ணுமில்ல" என்றார். நானும் நம்பி, துண்டைப் போர்த்திவிட்டேன்.

எதிரே இருந்த பெண்தான், "யக்கா, குளிருனா இப்படி வேர்க்குமா? அண்ணாச்சிக்கு சுகர் உண்டா?" என்று பதறி, தன் குழந்தைக்கு வைத்திருந்த ஜூஸை நீட்டினாள். அதைக் குடித்துச் சற்று நேரம் கழித்துத்தான் அவர் முகம் தெளிந்தது. ஊசி போட்டும் சாப்பாடு உள்ளே போகாததால் அவருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது.

கடைசியில் வந்த பரோட்டா ஆறிப்போயிருந்தது. சால்னாவில் ஒரே உப்பு. சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

இப்போது வெளியே சாப்பிடப் போனால் ஊசி என் கைப்பையில்தான் இருக்கும், கூடவே ஒரு பொட்டலம் சீனியும். எவ்வளவு பேர்போன கடையானாலும் சரி, இலையில் பரோட்டா விழாமல் ஊசியை அவர் கையில் கொடுப்பதில்லை.