இருபது சாக்குகளும் மூன்று கட்டடங்களும்

எங்கள் அலுவலகத்தில் சணலுக்கு ஒரு பக்தி உண்டு. ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை, சமூகப் பணிக்கென்று லாபத்தில் சட்டம் கேட்கும் சிறு பங்கை ஓர் அறக்கட்டளைக்குத் தள்ளிவிடுகிறது. அதில் நான் களப்பணியாளர். ஆண்டு விழாவுக்குச் சணல் தோரணம், விருந்தினருக்குச் சணல் பை, மேசைக்குச் சணல் விரிப்பு. பையின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு பளபளக்கும். அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. "மண்ணில் பிறந்து மண்ணுக்கே திரும்பும் நார்" என்று மேடையில் சொல்லும்போது எங்கள் மேலாளரின் குரல் தழுதழுக்கும். அந்தச் செடி எந்த ஊரில் விளைகிறது, அதன் தண்டை எத்தனை நாள் தண்ணீரில் அழுகவிட்டு, இடுப்பளவு நீரில் நின்று யார் நாரை உரிக்கிறார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் நான் தழுதழுக்கவில்லை.

அஞ்செட்டிக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்துப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறைகள் கட்டித்தரும் வேலை என் பொறுப்புக்கு வந்தது. பிள்ளைகள் தகரக் கொட்டகையில் படித்துக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட் தூண் வார்க்க அடித்த பலகையைப் பிரித்த பிறகு, பல நாள் அதன் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்துவிட்டால் தூண் நிற்கும், ஆனால் அதற்குரிய பலம் வராது. அதற்காகத் தூணைச் சுற்றிச் சணல் சாக்கைக் கட்டி, திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த வேலைக்கு உள்ளூர்ப் பெண் ஒருவரை ஒப்பந்ததாரர் வைத்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர், மற்றவர்கள் நிலத்தில் கூலிக்குப் போகிறவர், இரண்டு மாடு வைத்திருந்தார், மகள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்தாள்.

"கோணின்னா தண்ணிய குடிச்சி வெச்சிக்கும் மேடம். யூரியா சாக்குல ஊத்துனா அப்டியே வழிஞ்சி ஓடிடும். காலைல ஊத்துனன்னா மத்தியானம் வரிக்கும் சிலுசிலுன்னு இருக்கும். தொட்டுப் பாருங்க."

தொட்டேன். உச்சிவெயிலில் அந்தச் சாக்கு மட்டும் குளிர்ந்திருந்தது. கிழிசல்களையெல்லாம் பழைய பச்சைச் சேலையின் கரையை வைத்து ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"ஓட்ட வழியா காத்து பூந்து அந்த எடம் மட்டும் காஞ்சிடுதே. உள்ள ஒக்காரப்போறது புள்ளைங்கதான?"

சணலைப் பற்றி நான் கேட்டவற்றுள் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். மேலாளரோ புகைப்படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். எங்கள் ஆண்டுப் புத்தகத்துக்கு 'கட்டுமானத்திலும் இயற்கை நார்' என்று அப்போதே தலைப்புப் போட்டார். அறக்கட்டளை அப்போது கட்டிக்கொண்டிருந்த மூன்று இடங்களிலிருந்தும் வாரம் ஒரு படம் வேண்டும் என்றார். ஈரம் தெரிய வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அஞ்செட்டிப் பக்கம் பேருந்து குறைவு. ஆகவே செவ்வாயன்று மலைக்கிராமம், வியாழனன்று நாகரசம்பட்டியில் அங்கன்வாடி, சனியன்று ஓசூரில் ஒரு கழிப்பறைக் கட்டடம் என்று அட்டவணை போட்டு, மூன்றையும் கட்டிக்கொண்டிருந்த அந்த ஒரே ஒப்பந்ததாரருக்கு அனுப்பிவைத்தேன். திட்டமிடல் என்று ஒரு பாடம் படித்து, அதில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவள் நான்.

ஒரு வாரம், தொழிற்சாலை ஜீப் அந்த வழியாகப் போனதால், செவ்வாய்க்குப் பதில் புதன்கிழமை மலைக்கிராமத்தில் இறங்கினேன். தூண்கள் சாக்கின்றி, சாம்பல் பூத்து நின்றன. அந்தப் பெண் குடத்திலிருந்து வெறும் தூணின் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். அது நிற்காமல் தரைக்கு ஓடியது. ஒப்பந்ததாரரும் அங்கே இருந்தார். சாக்கு எங்கே என்று அவரிடம் கேட்டேன்.

அவர் கண் இமைக்கவில்லை. "அதான் மேடம் எனக்கும் ரோதனை. இந்தம்மா வூட்டுக்குத் தூக்கினு போயிடுது. மாட்டு மேல போத்தியிருக்குது, போயிப் பாருங்க."

"நீங்கதான வண்டில ஏத்தினு போனீங்க?" என்றார் அந்தப் பெண்.

"பாத்தீங்களா, திருடுறதுமில்லாம வாய வேற. நீ நாளைலருந்து வராத."

எதிரே ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் அனைவரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பார்த்தது, அருகிலேயே கட்டியிருந்த அவர் வீட்டு மாட்டை. அதன் முதுகில் ஒரு பழைய சாக்கு கிடந்தது. மலைக்குளிருக்கு அந்த ஊரில் எல்லா மாட்டின் மேலும் கிடப்பதுதான். ஆயினும் என் குறிப்பேட்டில், 'பொதுப்பொருள் மீது உள்ளூர் மக்களிடம் பொறுப்புணர்வு போதவில்லை' என்று எழுதினேன். சமூகப்பணி முதுகலை எனக்குக் கற்றுத்தந்த வாக்கியம் அது: ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்ல அதைவிடக் கண்ணியமான வழி கிடையாது.

மறுநாள் நாகரசம்பட்டி. அங்கன்வாடித் தூண்களில் சாக்குகள் ஈரம் சொட்டச் சொட்டக் கட்டப்பட்டிருந்தன. மூன்றாவது தூணில் பச்சைச் சேலைக் கரை. நான்காவதிலும் அதுவே. அவிழ்த்து எண்ணினேன், இருபது. எனக்குச் சற்று முன்னதாக ஊர் ஊராகப் பயணம் போய், என் கேமராவுக்கு முன்னால் நனைந்து, நான் பேருந்து ஏறியதும் வண்டி ஏறிய இருபது சாக்குகள்.

ஒப்பந்ததாரரைக் கேட்டபோது அவர் வெட்கப்படவில்லை. என் அறியாமைக்காக வருத்தப்பட்டார். "நீங்க போட்டோ கேட்டீங்க, நான் போட்டோ குடுத்தன். மூணு சைட்லயும் கோணி இருந்துதா? ஈரமா இருந்துதா? அப்பறம் என்னா மேடம்?"

"மற்ற நாட்களில்?"

"மத்த நாளு நீங்க வர்றதில்லீங்களே."

"அந்த அம்மாவைத் திருடி என்று சொன்னீர்களே?"

"அவசரத்துல வாயில வந்துடுச்சு. நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிடறன். வெறுங்கோணிக்குப் போயி."

மேலாளர் அவரைவிட நாசூக்கானவர். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டதாம். எழுத்தில் எதுவும் வேண்டாமாம். சற்று யோசித்து, மனமிரங்கி, "அந்த அம்மாவுக்கு நம்ம சணல் பை ஒண்ணு குடுத்துடுங்களேன்" என்றார். அவர் கேலி செய்யவில்லை. கேலிக்கு வேண்டிய அறிவும் அவரிடம் இல்லை.

எழுதினால் வேலை நிற்கும். பிள்ளைகள் இன்னொரு மழைக்காலம் தகரத்துக்கடியில் உட்காருவார்கள். எழுதாவிட்டால் ஈரம் குடிக்காத தூண்களுக்கடியில் உட்காருவார்கள். ஒரு பெண் ஊருக்குள் திருடியாகவே நடமாடுவார். இந்தத் தராசைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். முள் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது முதல் நாளே தெரிந்திருந்தது. பார்க்க விருப்பமின்றித்தான் அலைந்தேன். பிறகு நடந்ததை நடந்தபடி அறங்காவலர்களுக்கு எழுதினேன். தூண்களை வெளிப் பொறியாளர் ஒருவர் சோதிக்க வேண்டும். அந்தப் பழியை ஒப்பந்ததாரர் தம் வாயால் திரும்பப் பெறும் வரை, அவருக்குப் பணம் வழங்கும் எந்தச் சான்றிலும் என் கையெழுத்து இராது. மேலாளர் அதன் பிறகு என்னோடு மின்னஞ்சலில் மட்டுமே பேசினார். அது ஒரு நிம்மதி.

அந்தப் பெண்ணிடம் போய், ஒப்பந்ததாரர் மறுபடி வேலைக்குக் கூப்பிடுகிறார் என்று சொன்னேன்.

"வேல கெடக்குது மேடம். தண்ணி புடிக்கற எடத்துல நான் போனா பேச்ச நிறுத்திக்கறாங்க. எம்பொண்ணு ஓசூர்ல இருந்து போன் பண்ணி, 'ஏம்மா, கோணிய எடுத்தியா'ன்னு கேக்குது. யாரு சொல்லி அதுக்குத் தெரிஞ்சுது?"

"வண்டியில் எடுத்துப்போனதை முன்பே என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"மேடம்தான் எடுத்தார சொன்னாங்கன்னு அவரு சொன்னாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சன்."

நானும் அவரைத் திருடி என்று நம்பியதைச் சொன்னேன். "தெரியும். மாட்ட பாத்தீங்க இல்ல" என்றார்.

அடுத்த திங்களன்று ஒப்பந்ததாரர் வந்தார். பள்ளி வாசலில் நின்று, "சாக்கு கெடச்சிருச்சு, இந்தம்மா மேல தப்பில்ல" என்றார், பஞ்சாயத்துத் தீர்ப்பு சொல்பவரைப் போல. கேட்க ஆறு பேர் இருந்தார்கள்.

"கெடைக்கல. நீங்க எடுத்துனு போனீங்க" என்றார் அந்தப் பெண். "என்னத் திருடின்னு சொன்ன அன்னிக்கு எதுக்க ரேஷன் போட்டாங்க. ஊரே வரிசைல நின்னுச்சு. இன்னிக்கு ஆறு பேரு. ரேஷன் போடற அன்னிக்கு வாங்க."

இது அடாவடி என்று ஒப்பந்ததாரர் என்னிடம் முறையிட்டார். எனக்கு அது கணக்காகவே பட்டது. கையெழுத்தும் அன்றுதான் என்றேன்.

ரேஷன் கடை திறந்த நாளில், நீண்ட வரிசைக்கு முன்னால் நின்று, கைபேசியைப் பார்த்தபடி அவர் முணுமுணுத்தார்: "சாக்க நாந்தான் வண்டில எடுத்துனு போனன்."

"அப்ப போட்டோக்கு மட்டுந்தான் தூணு குளிச்சுதா?" என்று வரிசையில் ஒருவர் கேட்க, சிரிப்பு கிளம்பியது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல" என்றார். ஒப்பந்ததாரர் வரிசையின் கடைசி வரை நடந்துபோய் மறுபடி சொன்னார்.

திரும்பி வந்ததும், "அவ்ளோதான மேடம்? கையெழுத்து போடுங்க" என்றார். பள்ளித் தூண்களில் இரண்டை இடித்துக் கட்டச் சொல்லிப் பொறியாளர் எழுதியிருந்ததைச் சொன்னேன். முதன்முறையாக அவர் முகம் வாடியது. ஒரு மனுஷியின் பெயருக்கு வாடாத முகம்.

"மறுபடி கட்டுனா தண்ணி யாரு ஊத்தறது?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"நீங்கள்தான், சம்மதம் என்றால்."

வரிசை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குத்தான் அவர் குரலை உயர்த்தினார் என்று நினைக்கிறேன்.

"ஊத்தறன். ஆனா வேல முடியற வரிக்கும் கோணி எங்கூட்டுலதான் இருக்கும். இவருக்கு வேணும்னா வாசல்ல வந்து கேட்டு வாங்கினு போவட்டும்."